வெறும் வண்டிக்கு ஒரு ரேடியோ

செத்தவர்களை ஏற்றுகிற வண்டிக்கு ரேடியோ செட் வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? நான் சிரித்துவிட்டேன். கேட்டு நின்ற கொளஞ்சி அண்ணன் சிரிக்கவில்லை.

பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம் வண்டிகளுக்கு செட், ஸ்பீக்கர், சீட் கவர் போடுகிற கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் மலேசியாவில். அவர் போனதும் கடையை மூடச் சொன்னார்கள் மாமியார் வீட்டில். நான் எதற்கு மூட வேண்டும்? ஒயரிங் வேலை எனக்கு அவரைவிட நன்றாக வரும். பொம்பளை என்ன செட் மாட்டுவாள் என்று இழுக்கிறவனிடம் நறுக்கென்று இரண்டு வார்த்தை கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவான். வாய்க்காரி என்று பெயர் எடுத்தாயிற்று. எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும்.

கொளஞ்சி அண்ணனை அவர் டிப்பர் லாரி ஓட்டிய காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். குன்னம் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். அப்பா அம்மா இரண்டு பேருமே அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். இவர் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போனார். அந்த டிப்பரில் செட் எப்படி அலறும் தெரியுமா! நான் மாட்டிக் கொடுத்ததுதான். அவர் வருவதற்கு முன்னால் பாட்டு வந்துவிடும். "அண்ணே, சவுண்டைக் குறைங்க, கடைக் கண்ணாடி ஆடுது" என்று நான் கத்துவேன். அவர் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டுச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பெல்லாம் இடுப்போடு போய்விட்டது. குண்டும் குழியுமான குவாரிப் பாதையில் வருஷக்கணக்காகக் குலுங்கியதில் இடுப்பு எலும்பு தேய்ந்து, இனி பாரவண்டி தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா உட்கார முடியுமா? அமரர் ஊர்தியில் ஏறினார். மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், குலுக்கக் கூடாது, இடுப்புக்கு ஒத்துவந்தது. வண்டி முதலாளி பெயர் ஆண்டவர். நான் வைத்த பெயர் இல்லை, அவரைப் பெற்றவர்கள் வைத்தது. சாவு வண்டியில் பாட்டுப் பெட்டி எதற்கு என்று, வாங்கின அன்றைக்கே அதில் இருந்த செட்டைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்துவிட்ட மனிதர்.

"அண்ணே, பொணம் போற வண்டில ரேடியோ பாடுச்சின்னா செருப்பாலயே அடிப்பாங்க, தெரியுமா?" என்றேன்.

"பாடி வண்டில இருக்கறப்ப இல்லம்மா. எறக்கிட்டு வெறும் வண்டியா வர்றப்ப."

"வெறும் வண்டியா வர்றப்ப போன்ல ராசாத்தி அண்ணிகிட்டப் பேசிக்கிட்டு வாங்களேன்."

"அவ எடுக்க மாட்டாம்மா. அந்த வண்டிலேருந்து வர்ற போன வூட்டுக்குள்ள எடுக்கக்கூடாதுன்னு வச்சிருக்கா. நான் குளிச்சிட்டு உள்ள போனாத்தான் பேச்சே."

பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"பின்னாடி சொந்தக்காரங்க ஒக்காந்து வருவாங்கள்ல, அவங்க பேசிக்கிட்டே வருவாங்கம்மா. செத்தவங்ககிட்டதான். ஒரு பொம்பள புருசனப் பாத்து, ‘ஒரு வாய் சோறு தின்னுட்டாச்சும் போயிருக்கலாம்ல’ன்னு திருச்சியிலேருந்து உடையார்பாளையம் வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்துச்சு. அவங்க எறங்கிட்டாங்க. அந்தச் சத்தம் எறங்கல. போன வாரம் பதில் சொல்லிட்டேன்."

"யாருக்குச் சொன்னீங்க?"

"அந்தப் பொம்பளைக்கு. வண்டில ஒருத்தரும் இல்ல. ‘சாப்புட்டுட்டுத்தாம்மா போனாரு, நீ அழுவாத’ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். சொன்னப்புறந்தான் பக்குன்னு ஆச்சு. வூட்லயும் நான் என்னமோ முணுமுணுக்குறேன்னு ராசாத்தி பாத்துட்டா. மொதலாளி காதுக்குப் போச்சின்னா மெண்டலுன்னு சாவிய வாங்கிருவாரு. இடுப்பு போனவனுக்கு வேற எவன் வண்டி குடுப்பான், சொல்லு. வேலைகூடப் போவட்டும். புத்தி போயிருமோன்னு பயமா இருக்கும்மா."

சிரித்ததற்காக எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்க அண்ணே, நல்ல செட்டா பாப்போம்" என்றேன்.

செட் பார்ப்பது பெரிய காரியம் இல்லை. அதில் என்ன கேட்பது என்பதுதான் பெரிய காரியமாகிவிட்டது. எஃப்எம் மட்டும் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். எங்கே வரை எடுக்கிறது என்று பார்க்கலாமே என்று பழைய செட் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிக்கொண்டு, நானே அந்த வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து அரியலூர் ரோட்டில் போனேன். பின்னால் ஃப்ரீசர் பெட்டி காலியாகத்தான் இருந்தது, அதன் மூடி மட்டும் மேடு பள்ளத்துக்கெல்லாம் கடகடவென்று தட்டிக்கொண்டே வந்தது. இதைத்தான் தினமும் கேட்டுக்கொண்டு வருகிறாரா இந்த மனுஷன்! குன்னம் தாண்டியதும் ஸ்டேஷன் கரகரத்தது. ஒருத்தன் பாட, அதன் மேலே இன்னொருத்தன் நகை விளம்பரம் சொல்ல, ஒன்றும் புரியவில்லை. அண்ணன் கையை நீட்டி செட்டை அணைத்தார். "இது வேணாம்மா. ரெண்டு பேர் ஒண்ணா அழுவுற மாதிரியே இருக்கு" என்றார். திரும்பி வந்து இறங்கியதும் விஷயம் தெரிந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று மாமியார் ஒரு ஆட்டம் ஆடியது தனிக் கதை.

அடுத்த முறை வரும்போது கொளஞ்சி அண்ணன் போனில் ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்காவில் கார்களுக்கு சாட்டிலைட் ரேடியோ இருக்கிறதாம். காடு, மலை, பாலைவனம் எங்கே போனாலும் அறுந்து போகாதாம்.

"மேலேருந்து வருதாம்மா. அது ஒண்ணு வாங்கித் தாயேன்."

"அண்ணே, அது இங்க ஒரு காலத்துல வூட்டுக்கு வச்சாங்க. சந்தா கட்டணும், ஜன்னல் ஓரமா தட்டு வச்சு வானத்தப் பாத்துத் திருப்பணும். கம்பெனியே கடையச் சாத்திட்டுப் போயிடுச்சு. வாங்குனவங்க பெட்டியத் தூக்கிப் பரண்ல போட்டாங்க. வண்டிக்கெல்லாம் நம்ம ஊருல வரவே இல்ல."

"அப்ப மேலேருந்து நமக்கு ஒண்ணும் வராதுங்கற" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

போன் வழியாக ஆப்பில் கேட்கலாம், மாதச் சந்தா கட்டினால் விளம்பரம் வராது என்றேன். அதையும் போட்டுப் பார்த்தார். உடையார்பாளையம் தாண்டி முந்திரிக்காட்டில் டவர் கிடைப்பதில்லை. நடுவில் சட்டென்று நின்று போனால் அந்த அமைதி முன்னைவிட மோசமாக இருக்கிறது என்றார். கடைசியில், பென் டிரைவ் போடுகிற சாதாரண பட்டன் செட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். டவர் வேண்டாம், சந்தா வேண்டாம். சாவியை அணைத்தால் நிற்கும், திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதைத்தான் பெரிய வசதி என்று நானே சொன்னேன்.

பாட்டு வேண்டாம், பேச்சுதான் வேண்டும் என்பதில் மட்டும் மனிதர் பிடிவாதமாக இருந்தார். பட்டிமன்றம் போட்டுக் காட்டினேன். "கை தட்டுறாங்கம்மா. அந்த வண்டில எதுக்குக் கைதட்டு?" என்றார். செய்தி முழுக்கச் சாவு. காமெடியைக் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். கடைசியில் எதையோ தேடப்போய் வேளாண்மைப் பேச்சு ஒன்று ஓடிவிட்டது. சின்ன வெங்காயத்தில் திருகல் நோய் பற்றி ஒரு அதிகாரி பேசுகிறார். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி ஒரே சீராகப் பேச்சு. கொளஞ்சி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"இது போதும்மா."

"உங்களுக்கு ஒரு குழி நெலம் உண்டா அண்ணே? வெங்காயத்துக்கு நோய் வந்தா உங்களுக்கு என்ன?"

"அதான் நல்லாருக்கு. எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு கஷ்டத்த ஒருத்தர் பதறாம சொல்லிக்கிட்டே வராரு."

அந்த அதிகாரி பேசியது எல்லாவற்றையும் தேடிப் பிடித்து பென் டிரைவில் ஏற்றினேன். பருத்தி, மக்காச்சோளம், ஆட்டு நோய் எல்லாம். செட்டுக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தேன். பாடி ஏற்றும்போது அதை அணைத்துவிட வேண்டும், மறந்தும் மறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பினேன். ஆண்டவரிடம் நானே போனில் பேசி, டிரைவர் தூங்காமல் இருக்கத்தான் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் தேறினார். கடைப் பக்கம் வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, "நர்மதா, ஆட்டுக்கு வாய்க்காணை நோய் வந்தா என்ன செய்யணும் தெரியுமா?" என்று வம்புக்கு இழுப்பார். "மொதல்ல ஆடு வாங்குங்க அண்ணே" என்பேன். முணுமுணுப்பு நின்றுவிட்டது என்று ராசாத்தி அண்ணி எனக்கு முருங்கைக்காய் கொடுத்து அனுப்பினார். பங்குனி முழுக்க இப்படி நன்றாகப் போனது. சித்திரையில்தான் அது நடந்தது. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

ரஞ்சன்குடியில் ஒரு பாடியை இறக்கிவிட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வழியிலேயே முதலாளியிடமிருந்து போன். நேராக ஆஸ்பத்திரிக்கு வா, போஸ்ட்மார்ட்டம் முடிந்த பாடி காத்திருக்கிறது, பூலாம்பாடி பக்கம் போக வேண்டும் என்று. அவசர அவசரமாகப் போய், பிணவறை வாசலில் சாவியை அணைத்து இறங்கினார். செட்டும் நின்றது. சுவிட்சை அணைக்க வேண்டும் என்ற நினைவு வரவில்லை.

காலேஜ் படிக்கிற பெண். பூச்சிமருந்து குடித்துவிட்டது. ஏன் என்று அவர் கேட்கவில்லை, அந்த வண்டியில் யாரும் அதைக் கேட்பதும் இல்லை. பெண்கள் பின்னால் ஏறினார்கள். வழி காட்டுவதற்குப் பெண்ணின் அப்பா முன்சீட்டில் ஏறினார். அவர் அழவில்லை. கையில் பெண்ணின் செருப்பை வைத்திருந்தார்.

சாவியைப் போட்டு வண்டியை எடுத்தபோது அழுகைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஊரைத் தாண்டி, பின்னால் அழுதவர்கள் ஓய்ந்து மூச்சு வாங்கியபோது, செட்டில் அந்த அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். மக்காச்சோளத்தில் படைப்புழு. மருந்து அடிக்கும் முறையைச் சொல்லி முடித்துவிட்டு, அதே நிதானத்தில் சொன்னார்: "மருந்தை வீட்டில் திறந்த இடத்தில் வைக்காதீர்கள். பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்."

கொளஞ்சி அண்ணனுக்கு சுவிட்ச் அகப்படவில்லை. தடவித் தடவி அணைப்பதற்குள் எல்லாம் காதில் விழுந்துவிட்டது. அடிக்கப் போகிறார், அடிக்கட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாராம். அந்த மனிதர் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"படைப்புழுவுக்குன்னு நான்தாங்க வாங்கியாந்தேன்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "பூட்டி வச்சிருக்கணும்ல, டிரைவரே?" என்று கேட்டார்.

கொளஞ்சி அண்ணன் ரோட்டையே பார்த்து ஓட்டினார். அவர் மறுபடியும் கேட்டார். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் கேட்டார். வீட்டு வாசலில் பந்தல் தெரிந்தபோதும், இறங்குவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்து அதையே கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

இதையெல்லாம் என் கடையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு, "செட்டக் கழட்டிரும்மா" என்றார் கொளஞ்சி அண்ணன். சவரம் செய்யாத முகம். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். "நீங்க வேணும்னா செஞ்சீங்க? வேற பேச்சு ஏத்தித் தரேன். கோயில் கதை, வைத்தியம், என்ன வேணும்னாலும் கேளுங்க. செட்டு இருக்கட்டும் அண்ணே, கழட்ட வேணாம்" என்று கெஞ்சினேன். ஆமாம், வாய்க்காரி நான் கெஞ்சினேன்.

"கேட்டுப் பாத்தேம்மா. எத்தன சவுண்டு வச்சாலும் செட்டு கேக்கல. அந்தப் பொண்ணோட அப்பா பேசுறதுதான் கேக்குது."

கழற்றினேன். ஒயர்களை டேப் சுற்றி உள்ளே தள்ளினேன். ஓட்டையை அடைக்க மூடி எடுத்து வரலாம் என்று கடைக்குள் போனேன். அது ஒரு மூலையில் கிடந்தது, தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது கொளஞ்சி அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். காலியாக இருந்த பக்கத்து சீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"யாருங்க பூட்டுறாங்க? எல்லா வூட்லயும் வெளியதாங்க கெடக்குது. வெள்ளாமைக்குன்னுதான வாங்குனீங்க? உங்க பேர்ல ஒரு தப்பும் இல்லைங்க. சத்தியமா இல்லைங்க."

"அண்ணே" என்றேன். அவர் திரும்பவில்லை. கையை நீட்டி, யாரையோ பேசவிடச் சொல்லுகிற மாதிரி என்னை நிறுத்தினார். அந்த ஆள் கேட்டு முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தார்.