பின் பம்பரில் ஏறியவர்

நம்புகிறவர்கள் நம்பட்டும். அன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் நான்தான். பக்கத்தில் என் மனைவி அன்னாள். அவளைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

1993, ஐப்பசி. இராஜபாளையத்தில் என்னை எவனும் முந்தக் கூடாது என்று, பழைய பியட்டில் பெரிய என்ஜினைத் தூக்கி வைத்திருந்தேன். மெக்கானிக் காசிராஜன் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ஜின் இழுக்கும் சார். டயர் ரோட்டப் பிடிக்கணும்லா? முன்னாடி கனம், பின்னாடி வெறும் காத்து. மழையில இத எடுக்காதிய."

எடுத்தேன். அன்னாளுக்குக் குறித்த நாளுக்கு முன்பே பிரசவ வலி கண்டுவிட்டது. அவளைப் பார்க்கும் டாக்டரம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில். வேறு வண்டிக்கு அலைய நேரமில்லை. மத்தியானம் மூன்று மணி. வானம் கறுத்துக் கொட்டியது. படுக்க முடியாமல் அவள் முன்சீட்டிலேயே உட்கார்ந்தாள்.

பாதி வழியில் பாலம் வேலை. மண்பாதையில் இறங்கி மேடேற வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

ர்ர்ர்ர்...

பின்சக்கரங்கள் சும்மா சுற்றின. மெதுவாக மிதித்தாலும் அதே சுற்றல். கார் ஓடைப் பக்கமாக வழுக்கியது.

"ஏங்க... தாங்க முடியலங்க."

தாயும் பிள்ளையும் இந்தச் சேற்றிலேயே போய்விடுவார்களோ என்று பயந்தேன்.

அப்போது கண்ணாடியில் ஓர் ஆள் தெரிந்தார். நீலச் சட்டை, தலையில் துண்டு. பின் பம்பரில் ஏறி நின்றார். சிக்கிய காருக்கு எங்கள் பக்கத்தில் இப்படித்தான் கனம் கொடுப்பார்கள்.

டப்... டப்... டிக்கியில் தட்டினார்.

"எடுங்க சார்."

பின்பக்கம் அமுங்கியது. டயர் பிடித்தது. ஏறிவிட்டோம்.

நன்றி சொல்ல நிறுத்தினேன்.

யாரும் இல்லை.

கீழே பாதையிலும் இல்லை.

ஆனால் பின்பக்கம் அமுங்கியே இருந்தது...

"தட்டுனது யாருங்க?" என்றாள் அன்னாள்.

ஓட்டினேன். அத்தனை மழையிலும் கார் எங்கும் வழுக்கவில்லை. வேகத்தடையில் பின் ஸ்பிரிங் முனகியது.

கிறீச்...

கண்ணாடியைப் பார்த்தேன். வெறும் ரோடு.

ஆஸ்பத்திரி வாசல். பிரேக் போட்டேன்.

நாங்கள் இன்னும் இறங்கவே இல்லை.

பின்பக்கம்... மெல்ல உயர்ந்தது.

மகள் பிறந்தாள். மறுநாள் மிட்டாயோடு அந்தப் பாலத்துக்குப் போனேன். வாட்ச்மேன் ஆண்டிச்சாமியிடம் ஆளின் அடையாளம் சொன்னேன். அவர் மிட்டாயைத் தொடவில்லை.

"அது கண்ணுச்சாமி சார். இங்கதான் வேலை பாத்தான். போன வாரம் ஒரு காருக்கு இப்படித்தான் பம்பர்ல ஏறி நின்னான். வண்டி வெடுக்குன்னு ஏறவும் விழுந்துட்டான். கார்க்காரவிய நிக்காமப் போயிட்டாவ. மண்டையில அடி. ஒடனே உசுரு போகல சார். 'ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க'ன்னு பொழுதடையிற வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தான். ஒரு வண்டியும் ஏத்தல."