தொண்ணூற்றொன்று பகு எண்ணே

ஒன்றைவிடப் பெரிய ஒரு முழு எண், ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபட்டால் அது பகா எண். வேறு எண்ணாலும் வகுபட்டால் பகு எண். இந்த விதிக்கு இன்றுவரை திருத்தம் ஏதும் வரவில்லை. விலக்கு அளிக்கும் அதிகாரம் எந்த அலுவலகத்துக்கும் கிடையாது. ஓய்வு பெறும்வரை மேல்முறையீட்டுக் கோப்புகளையே பார்த்துக் கொண்டிருந்தவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

ஜீவனஹள்ளியில் அம்மா ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிந்துவிடும். அதன்பின் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளும் பலகை முன் உட்கார்ந்து குச்சி உருட்ட வேண்டியதுதான். நான் அப்படி உட்காரக் கூடாது என்பதில் அம்மா பிடிவாதமாக இருந்தாள். கன்டோன்மென்ட் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தேர்வு வைத்து முப்பது பேரைச் சேர்த்தார்கள். எழுதினேன். ஒரே ஒரு மதிப்பெண்ணில் முப்பத்தொன்றாவது ஆளாக வெளியே நின்றேன்.

எண்பதுக்கும் நூறுக்கும் இடையில் எத்தனை பகா எண்கள் என்பது கேள்வி. மூன்று என்று எழுதியிருந்தேன்: 83, 89, 97. பள்ளியின் விடைக்குறிப்பில் நான்கு என்றிருந்தது. 91-ஐயும் சேர்த்துவிட்டார்கள். அது ஒற்றைப்படை, ஐந்தில் முடியவில்லை, மூன்றாலும் வகுபடாது. சோம்பேறிகள் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஏழால் வகுத்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

மனு கொடுத்தோம். மறுகூட்டல் உண்டு, மறுமதிப்பீடு கிடையாது என்றார்கள். மறுகூட்டலில், என் தவறான மதிப்பெண்கள் மிகச் சரியாகக் கூட்டப்பட்டிருப்பது நிரூபணமானது.

மறுநாள் அம்மா தொண்ணூற்றொரு மூங்கில் குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியையின் மேசையில் பதிமூன்று பதிமூன்றாக ஏழு வரிசை அடுக்கினாள்.

"எண்ணிப் பாருங்க மேடம். மீதி ஒன்னாவது நிக்குதா?"

பக்கத்திலிருந்த கிளார்க் சிரித்தார். "ஏனம்மா, குச்சி உருட்டறவங்களுக்கு சும்மனே இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு?"

"எங்க மேஸ்திரி ஆயிரத்துல ஒரு குச்சி கொறஞ்சாலும் கண்டுபுடிச்சிடறாரு சார். உங்களுக்குப் பதிமூணு எண்ண வரலியா?"

தலைமையாசிரியை உண்மையிலேயே எண்ணினார். இரண்டு முறை. பிறகு, "எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. ஆனா ஆன்சர் கீ-ல அப்படி இல்லையேம்மா" என்றார்.

"அப்போ கீ போட்டவரையே கூப்பிடுங்க. அவரு கையாலயே அடுக்கட்டும்."

அவரை யாரும் கூப்பிடவில்லை. மனுவை நிர்வாகத்துக்கு அனுப்புவதாகவும், பதில் வந்ததும் சேர்த்துக்கொள்வதாகவும், ஆனால் சேர்க்கை ஜூன் பத்து வரைதான் என்றும் தலைமையாசிரியை சொன்னார். அம்மா குச்சிகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டாள். அன்றைய உருட்டலுக்கு அவை வேண்டும்.

பதில் தபாலில் வந்தது. 91 பகு எண் என்பதும், எனது விடை சரியானது என்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக முத்திரையோடு எழுதியிருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று தெரு முழுக்க ஓடிக் காட்டிவிட்டு வந்தேன். அம்மா கைவேலையை நிறுத்தவில்லை.

"மேல தேதி என்ன போட்டிருக்கு? படி."

இவ்வளவு நல்ல செய்தியை விட்டுவிட்டுத் தேதியை ஏன் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன்: ஜூலை இருபத்தொன்பது.