குறுக்கே போனவர்கள்

அந்தச் சாலையை அடக்குவதற்கு நாங்கள் முதலில் வாங்கியது ஒரு நீள நோட்டு.

கோவையிலிருந்து பொள்ளாச்சி போகிற சாலை. தொண்ணூறுகளின் நடுவில் அதற்கு வெறி பிடித்துவிட்டது. கொப்பரை லாரி, வெல்ல லாரி, சந்தை நாளில் மாடுகளை நெருக்கி ஏற்றிய லாரி, லாரிகளை முந்தத் துடிக்கும் பேருந்து, பேருந்தை முந்தத் துடிக்கும் புத்தம்புதுக் கார். வீட்டுக்குள் செம்புத் தண்ணீர் தானாக நடுங்கும். பேச்சைப் பாதியில் நிறுத்தி, லாரி போன பிறகு தொடர்வது எங்கள் காலனியில் எல்லோருக்கும் பழகிப்போயிற்று. கோபமும் அப்படித்தான். பாதியில் நிற்கும். தொடராமலே போய்விடும்.

என் தங்கை தினமும் இரண்டு முறை அந்தச் சாலையைக் கடப்பாள். சிறுவயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியவள். இரும்புப் பட்டை வைத்த காலணி, கையில் ஓர் ஊன்றுகோல். எதிர்ப்புறத்தில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, அவள் பெயருக்கு ஒதுக்கிய எஸ்.டி.டி. பூத் இருந்தது. பம்ப் கம்பெனி ஆட்கள் ஷிப்டு முடிந்து ஊருக்குப் பேச அங்கே வரிசையில் நிற்பார்கள். முப்பது வயதைத் தாண்டி அவளுக்குக் கிடைத்த, அவளுக்கே அவளுக்கான நாற்காலி. யார் கையையும் பிடிக்காமல் போவாள், வருவாள். சாலையின் மூச்சு அவளுக்குத் தெரியும். பொள்ளாச்சி பஸ் வந்து நிற்கும், பின்னால் வருபவை தேங்கும், சாலை கொஞ்சம் வெறிச்சிடும். அதற்குள் இறங்கி, டக் டக்கென்று, கரையேறிவிடுவாள். அந்த இடைவெளி மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டிருந்தது. அவள் கரையேறும் வரை நான் வாசலைவிட்டு உள்ளே போகமாட்டேன்.

ஒரு காலையில் பால்காரரை வேன் இடித்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் மறுபடி சைக்கிள் ஏறவில்லை. அன்று சாயங்காலமே காலனிச் சங்கம் கூடியது. தலைவர் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார்.

"சும்மா போயி வண்டி ஜாஸ்தியாப் போச்சுங்கன்னா எவனுங்க கேப்பான்? ஷிப்டு போட்டு எண்ணிப்போடுவோம். கணக்க மேசமேல வெச்சம்னா ஆபீசரு பேச முடியாதுங்க."

எண்ணினோம். ஒரு வாரம், விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை, இரண்டு ஷிப்டு. வேப்பமரத்தடியில் நாற்காலி, தூக்குப்போசியில் மோர். லாரிக்கு ஒரு கட்டம், பஸ்ஸுக்கு ஒன்று, கார், டூவீலர், சைக்கிள். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு.

"ஏனுங்க, மாட்டு வண்டி எந்தக் கட்டமுங்க?"

"சக்கரம் இருக்குதல்லங்க? தனியா ஒரு கட்டம் போடுங்க."

"அப்ப அந்த ஐஸ் வண்டி? அவன் நம்ம முன்னாலயே போறதும் வாரதுமா இருக்கறானுங்களே, எத்தன வாட்டி எண்ணறது?"

"நீங்க வாங்கித் தின்னதக் கணக்குப் பண்ணுனா தெரிஞ்சு போகுதுங்க!"

அந்தச் சாலையைப் பார்த்து உட்கார்ந்து அவர்கள் சிரித்ததை அந்த வாரம்தான் கண்டேன். என் தங்கை கடக்க வரும்போது மட்டும் சிரிப்பு நிற்கும். அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். "பாத்து அம்மிணி, பாத்து!" அவள் அந்தக் கரை சேர்ந்ததும் உட்கார்ந்து, விட்டுப்போன லாரிகளை ஒருவருக்கொருவர் கேட்டு எழுதிக்கொள்வார்கள்.

நல்ல எழுத்தில் நகலெடுக்கும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை, கட்டம் கட்டிக்கொண்டிருந்தேன். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, குறுக்கால போறவீங்களுக்கு எங்கீங்க கட்டம்?"

"இது வண்டிக் கணக்கு கண்ணு."

"அப்ப நானு வண்டியில்லீங்களா? நானும் இரும்பு மேலதானுங்க போறேன்."

சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த கோட்டை இழுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவள் எங்கள் எல்லோருடைய கண்ணுக்கு முன்னாலும் நடந்தாள், எங்கள் எண்ணிக்கைக்கு வெளியே.

மனுவையும் நான்தான் எழுதினேன். வண்டிகள் மெதுவாகப் போகவேண்டும், நிறுத்தத்துக்கு எதிரில் சிக்னல் வேண்டும், மனிதர் கடக்க வெள்ளைக் கோடு வேண்டும் என்று. தலைவர் படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"இன்னதப் பண்ணுங்கன்னு ஆபீசருக்கு நாம சொல்லிக் குடுக்கறதுங்களா? மருவாதியா இருக்குமுங்களா தம்பி? கணக்கக் குடுப்போம். ஆவன செய்யுங்கன்னு கேப்போம். அவருக்குத் தெரியாததுங்களா?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அதட்டிக் கேட்டு எதையும் வாங்கிப் பழகாதவர்கள் நாங்கள். மூன்று வரிகளை அடித்துவிட்டு, தக்க நடவடிக்கை எடுக்கப் பணிவுடன் வேண்டுகிறோம் என்று முடித்தேன்.

சாலை இன்ஜினீயர் எங்களை உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். நோட்டைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது. "எங்க ஆளுங்களே இப்பிடி எடுக்க மாட்டாங்க. அருமைங்க." தலைவர் என்னைக் காட்டி, "தம்பிதானுங்க நகலெடுத்தது" என்றார். எனக்குக் காது வரை சூடேறியது. பெருமை. இன்று அதை எழுதும்போதும் அதே சூடு, வேறு பெயரில்.

மழை முடிந்து ஆட்கள் வந்தார்கள். மதில்களில் வெள்ளைக் குறி போட்டார்கள். வேப்பமரம் போயிற்று. தலைவர் வீட்டு மதில் போயிற்று. சாலை இரண்டு மடங்கானது, நடுவில் முழங்காலுக்கு மேல் உயரமாக ஒரு தடுப்புச் சுவர் எழுந்தது, ஒரே நேராக, வடக்கே இரும்புப் பவுண்டரி வாசல் வரைக்கும், தெற்கே அதே அளவு தூரத்துக்கும். வண்டிகள் திரும்ப அந்த இரண்டு முனைகளில்தான் வழி. என் தங்கையின் நடைக்கு அது வேறு ஊர்.

நானும் தலைவரும் ஓடினோம். இன்ஜினீயர் கோபப்படவே இல்லை.

"இத்தன வண்டி போகுதுன்னு நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க? அதக் காட்டித்தானுங்க அகலப்படுத்த உத்தரவு வாங்குனேன். உங்களுக்காகப் பண்ணுனதுங்க."

"நிறுத்தத்துக்கு எதுத்தாப்புல சுவத்துல ஒரு சந்து மட்டும் விடுங்க சார். ஆளு தாண்டறதுக்கு."

"எத்தன பேருங்க தாண்டறாங்க? கணக்கு இருக்குதுங்களா?"

மேசைமேல் கிடந்த எங்கள் நோட்டைத் தலைவர் புரட்டினார். குறுக்கே போகிறவர்களுக்கு அதில் கட்டமே இல்லை.

"எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்" என்றார் இன்ஜினீயர், உண்மையான பரிவோடு.

மறுபடி நாற்காலி போட்டோம், இந்த முறை நிழல் இல்லாமல். முழு நாளும் உட்கார்ந்தோம். சுவரை எகிறிக் குதித்த சில இளவட்டங்களைத் தவிர யாரும் கடக்கவில்லை. கடக்க முடியாத இடத்தில் யார் கடப்பார்கள்? காகிதம் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மதில் இல்லாத தன் வீட்டுக்குள் போனார். அதன் பிறகு சங்கம் கூடவில்லை.

தங்கையை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட ஆரம்பித்தேன். பவுண்டரி வாசல் போய்த் திரும்பி பூத்துக்கு. சாயங்காலம் அதே போல் தெற்கே ஒரு சுற்று. அவள் பின்னால் உட்கார்ந்து வருவாள். ஊன்றுகோல் என் விலாவில் இடித்துக்கொண்டே வரும். "சிரமமுங்களாண்ணா?" என்று சில நாள் கேட்பாள். "அதெல்லாம் இல்ல கண்ணு" என்பேன். உண்மையில் சிரமம்தான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் நான் வேலை பார்த்த அச்சகத்தில் நேரமாகிவிட்டது. போனபோது பூத்தைச் சாத்திவிட்டு, படியில், முகத்தில் லாரிப் புழுதியோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டு விளக்கு எதிரே தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம், சாலை வாயை மூடினால்.

"எத்தன நேரமாச்சு அம்மிணி?"

"உங்கள ஒண்ணுஞ் சொல்லலீங்ண்ணா" என்றாள். "கொண்டாந்து வெக்கறதும் எடுத்துட்டுப் போறதுமா, என்னையச் சரக்கு மூட்டையாட்டப் பண்ணிப்போட்டாங்க. எனக்கு வேண்டாமுங்க."

நான் மன்றாடினேன். ஆட்டோ வைக்கலாம் என்றேன், சுவரை உடைக்கச் சொல்லி மறுபடி எழுதுகிறேன் என்றேன். எழுதுவது என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் பூத் சாவியை என் கையில் கொடுத்தாள். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் மனைவி நடத்திக்கொள்ளட்டும் என்று பேசி முடித்திருந்தாள்.

"நீங்களே குடுத்துட்டு வந்துருங்ண்ணா."

ஸ்கூட்டரை எடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு லாரியை விட்டு, சுவரில் கைவைத்துத் தாண்டி, அந்தப் பக்கம் ஒரு பஸ்ஸை விட்டு, எதிர்ப்புறம் ஏறினேன். எனக்கு அரை நிமிடங்கூட ஆகவில்லை.