ரயில் பார்க்காதவர்கள் போட்ட நாடகம்

கல்லூரியில் இரண்டாம் வருடம் ஆங்கிலத்தில் ஒரு நாடகம் எழுதினேன். கதை ஒரு ரயில் நிலையத்தில் நடந்தது. நான் அதுவரை ரயிலைப் பார்த்ததே இல்லை. போர்ட் பிளேரில் பிறந்தவள், கடல் தாண்டியதில்லை. ஆங்கில இலக்கியம் எடுத்திருந்த ஒன்பது பேரில் ஏழு பேர் அப்படித்தான்.

எங்கள் பாடங்களில் ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ பனிமூட்டத்தில் பிளாட்பாரத்தில் நிற்பார்கள், யாரோ ஜன்னலிலிருந்து கையசைப்பார்கள். வகுப்புக்கு வெளியே கடல் பச்சையாக இருந்து நீலமாக மாறும். மத்தியான வெக்கையில் கண் சொருகும்போது அந்தத் தண்ணீரின் மேல் ஒரு ரயில் சத்தமில்லாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அத்தனை ஜன்னலிலும் விளக்கு எரியும். உள்ளே இருப்பவர்களின் முகம் மட்டும் தெரியாது. அவர்கள் யார் என்று யோசித்து யோசித்துத்தான் எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் பேராசிரியர் கல்கத்தாக்காரர். கல்லூரி விழாவில் போடலாமா என்று கேட்டு நோட்டை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உன் ரயிலைக் கயிறு போட்டுக் கட்டுகிறார்களே?”

“ஆமாம் சார்.”

“அப்புறம் ஏணி இறக்குகிறார்கள். காற்று சரியில்லை என்று ரயில் இரண்டு நாள் தாமதமாகிறது.” அவர் கேலி செய்யவில்லை. “இது கப்பல். கதையைக் கப்பல் நிற்கும் ஜெட்டியிலேயே வைத்துக்கொள்ளேன். உனக்குத் தெரிந்த இடம்தானே?”

“ரயில்தான் சார் வேண்டும்.”

“அப்படியானால் ரயிலில் வந்த யாரையாவது கேட்டுவிட்டு மறுபடி எழுது.”

அப்பாவைக் கேட்டேன். அவர் ஃபீனிக்ஸ் பே துறைமுக ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து, அம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு, சென்னை வரைக்கும் ரயிலிலும் அங்கிருந்து கப்பலிலும் வந்தவர். அன்று ஞாயிற்றுக்கிழமை. பத்துபஸ்தியில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் எல்லோரையும் போல அவரும் கப்பலை ஜஹாஸ் என்றுதான் சொல்வார்.

“ரயிலு ஜஹாஸ் மாதிரி இல்லட்டி. நமக்காக நிக்காது. சின்ன ஸ்டேஷன்னா ரெண்டு நிமிசம்தான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு தடவைதான வந்தீங்க?”

அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்கச் செம்போடு இறங்கினாராம். குழாயடியில் கூட்டம். செம்பு நிறைவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டார். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி கிடையாது. அடுத்த ஸ்டேஷன் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அம்மாவுக்கு அவர் ஏறினாரா, நின்றுவிட்டாரா என்று தெரியாது. டிக்கெட் அவர் சட்டைப்பையில். அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது.

“வந்து பாக்கேன், ஜன்னல் ஓரமா அப்படியே உக்காந்திருக்கா. ஒரு வார்த்தை பேசல. மெட்ராஸ்ல கப்பல் ஏறுற வரைக்கும் பேசல.”

என் நாடகத்திலிருந்த ஆட்களையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டேன். ஒரு பெண், ஒரு குழந்தை, ஒரு ஜன்னல். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள், கடவுளைக் கூப்பிடுகிறாள், குழந்தையிடம் இரண்டு பக்கத்துக்குப் பேசுகிறாள். நான் படித்திருந்த நல்ல ஆங்கிலச் சொற்களையெல்லாம் அவள் வாயில் வைத்தேன். பேராசிரியர் சம்மதித்தார்.

எங்கள் ஊரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் விழா மூன்று மணிக்கே தொடங்கியது. வகுப்புத் தோழி ஒருத்தி தலையணையைக் குழந்தையாகத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ஜன்னல் சட்டத்துக்கு அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து பழைய கம்பிகள் கொண்டுவந்து பொருத்தியிருந்தார். நான் திரைக்குப் பின்னால் தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினேன். ரயில் புறப்பட்டது. கணவனாக நடித்த பையன் செம்போடு ஓடி வந்து மேடையின் ஓரத்தில் மறைந்தான். தோழி அலறினாள். குலுக்கக் குலுக்க அந்தச் சத்தம் என் கைக்குள்ளிருந்து வருவதாகவே தோன்றவில்லை. கீழே பலகை அதிர்ந்தது. நாங்கள் எல்லோரும், கூடமும் நாற்காலிகளும் சேர்ந்து, மெதுவாக எங்கோ போய்க்கொண்டிருந்தோம்.

திரையின் இடுக்கு வழியாக அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

வீட்டுக்கு நடந்து போகும்போது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“அந்தப் புள்ள எதுக்கு அப்படி அழுதா?” என்று அம்மா கேட்டாள்.

“புருஷன் வண்டிய விட்டுட்டான்ல” என்றார் அப்பா.

“அது தெரியுது. நான் அழலயே.”

“பின்ன என்ன செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

அம்மா அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். “பயத்துல பசிச்சுது. கட்டிக் கொண்டாந்த புளிச்சோறு பூராத்தையும் தின்னுட்டேன். அவருக்கு வச்சதையும் சேத்து.”

அப்பா சைக்கிளை நிறுத்தினார். “கப்பல்ல வச்சுக் கேட்டதுக்கு, பக்கத்துல இருந்த பொம்பளைக்குக் குடுத்தேன்னு சொன்னியே?”

“எந்தப் பொம்பளை? அந்தப் பக்கம் மூட்டைதான் இருந்துச்சு.”

“மெட்ராஸ் வரைக்கும் பட்டினியா வந்தேன்ளா நான்.”

“அந்த வெக்கத்துலதான் பேசல.”

அப்பா நடுரோட்டில் நின்று சிரித்தார். அம்மா மறுபடி முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். நாடகத்தின்போதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் சுட்டது. ஆனாலும் அந்த இருட்டில் அவர்கள் இருவரோடும் நடந்தது நன்றாகவே இருந்தது.

அடுத்த வாரம் அந்தக் காட்சியைத் திரும்ப எழுதினேன். அலறல் போனது. கடவுள் போனார். ஒரு பெண் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வாழை இலையைப் பிரித்து, குழந்தையின் தலைக்கு மேலாகக் கையை நீட்டிச் சாப்பிடுகிறாள். ஒன்றரைப் பக்கம்தான். பேராசிரியர் இரண்டு முறை படித்தார்.

“இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை?”

“முதலில் தெரியாது சார்.”

அவர் ஒரு கமாவை மட்டும் திருத்திக் கொடுத்தார். அந்த நாடகத்தை நாங்கள் மறுபடி போடவில்லை.

பரீட்சை முடிந்து வீட்டில் இருந்த ஒரு மத்தியானம், அம்மா பாயில் படுத்தபடி, “என்னைய பத்தி எழுதினத வாசி” என்றாள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

“இங்கிலீஷ்லயே வாசிட்டி. கதைதான் எனக்குத் தெரியுமே.”

வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். புளிச்சோற்றுக்கு நான் போட்டிருந்த ஆங்கிலச் சொல் வந்தபோது, “அது என்ன, இன்னொருக்கா சொல்லு” என்றாள். சொன்னேன். உதட்டை அசைத்து, சத்தம் வராமல், அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.