பொயிலர் பார்க்க வந்தவர் சொன்னது

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா நாலாம் வகுப்போடு மன்னாரில் கடலுக்குப் போய்விட்டார். அம்மா போரில் முகாமுக்கு முகாம் மாறியதில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவோடு நின்றுவிட்டார். எந்தக் கதை சொன்னாலும் இதை எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துவிடுவேன் என்று தம்பி சிரிப்பான். உண்மைதான். ஆனால் இந்தக் கதையில் அதைச் சொல்ல எனக்குப் பெருமையில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்துக்கு வெளியே ஒரு பழைய செங்கல் வீட்டில் இருந்தோம். நிலக்கீழ் அறையில், ஒரு கன்றுக்குட்டி உயரத்தில், எண்ணெயில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்றது. அப்பா அதைப் படகு எஞ்சினைப் போலத்தான் நடத்தினார். சனிக்கிழமைகளில் கீழே போய், கண்ணை மூடிக்கொண்டு அதன் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார்.

“நான் காய்ச்சலெண்டு படுத்தாலும் இந்த மனுசன் இப்பிடிக் காது வைச்சுப் பாக்காது” என்பார் அம்மா.

குளிர் தொடங்குமுன் அதைக் கழற்றி, கரியெல்லாம் தூரிகையால் தட்டி எடுத்து, முகம் கறுத்துப்போய் மேலே வருவார். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் தரும் ஓலைச் சிலுவையை அதன் குழாயில் கட்டிவிடுவார். வீடு மந்திரிக்க வந்த பாதரை முதலில் கூட்டிப்போனதும் அங்கேதான். தீர்த்தம் பட்டதும் பொயிலர் ‘சுர்’ என்றது. நானும் தம்பியும் சிரிப்பை அடக்க முடியாமல் மேலே ஓடிவந்துவிட்டோம்.

குளிர்காலத்தில் வெளியே உடுப்புக் காயாது. அம்மா பொயிலருக்கு மேலே கொடி கட்டி எங்கள் உடுப்புகளைப் போடுவார். பக்கத்தில் ஒரு தட்டில் மோர் மிளகாயும் காயும். எல்லாம் ஒரே நாளில் காய்ந்துவிடும், எண்ணெய் மணத்தோடு. அந்த மணத்துக்குள்ளேயே இருந்ததால் எனக்கு அது தெரிந்ததில்லை. ஒருநாள் விளையாட்டுப் பாடம் முடிந்து உடுப்பு மாற்றும்போது, பக்கத்தில் இருந்த பிள்ளை தன் பையை எடுத்துத் தள்ளியிருந்த கொளுக்கியில் மாட்டினாள். “நீ கராஜ் மாதிரி மணக்கிறாய்” என்றாள். சப்பாத்து நாடா அவிழ்ந்திருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அன்றிலிருந்து நான் பொயிலரை வெறுத்தேன்.

அந்தக் கார்த்திகையில் அது ஒரே நாளில் இரண்டு முறை நின்றுபோனது. அப்பா கழற்றினார், பூட்டினார், காது வைத்தார். சரிவரவில்லை. அந்த டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அவர் மன்னாருக்குப் போவதாக இருந்தது. தாயில்லாத அப்பாவை வளர்த்தது அவருடைய அக்கா, என் மாமி. மாமி படுக்கையில் கிடந்தார். எங்கள் வீட்டில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பயணப்பெட்டி பாதி திறந்து கிடந்தது. அதற்குள் மாமிக்கென்று இரண்டு பிஸ்கட் டின்கள். பொயிலரைத் திருத்த முடிந்தால் அப்பா போவார், புதிது வாங்கினால் போகமாட்டார். இரண்டையும் தாங்க எங்கள் வீட்டால் முடியாது. இது எனக்கும் தெரியும். தெரியாது என்று சொல்லிக்கொள்ளப் பல வருடம் முயன்று பார்த்தேன்.

திருத்துகிறவர் வந்தார். பெரிய உடம்பு, நரைத்த மீசை. கேட்காமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். அம்மாவுக்கு அதிலேயே அவரைப் பிடித்துவிட்டது. மொழிபெயர்க்க நான் கூடவே கீழே இறங்கினேன். வைத்தியரிடமும் வங்கியிலும் நான்தான் எங்கள் வீட்டின் வாய். பள்ளிக்கூடக் கூட்டத்தில் ஆசிரியை என்னைப்பற்றிச் சொன்னதைக்கூட நானேதான் மொழிபெயர்ப்பேன். கொஞ்சம் கூட்டியும் சொல்வேன்.

அவர் பொயிலரைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு, “இதை யார் துப்பரவாக்குவது?” என்று டேனிஷில் கேட்டார். நான் அப்பாவைக் காட்டினேன்.

“இத்தனை வருட வேலையில் இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்ட பொயிலரை நான் கண்டதில்லை. உன் அப்பாவிடம் சொல். பம்ப் மட்டும்தான் பழுது. அதை மாற்றினால் இன்னும் ஆறேழு குளிர்காலம் ஓடும்.” சொல்லிவிட்டு அப்பாவின் தோளில் தட்டி, பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். “என்னவாம், பிள்ளை?”

தலைக்கு மேலே கொடியில் என் நீலக் கம்பளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

“இது இனிச் சரிவராதாம், அப்பா. புதுசுதான் போடவேணுமாம்.”

அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். “வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

பிறகு அந்த மனிதரிடம் திரும்பி, தனக்குப் புதிதுதான் வேண்டும் என்று அப்பா சொல்வதாக டேனிஷில் சொன்னேன். இரண்டு பக்கமும் பொய். இரண்டிலும் உச்சரிப்புப் பிழை இல்லை. அவர் புருவத்தை உயர்த்தி, என்னை விட்டுவிட்டு நேரே அப்பாவிடம் கேட்டார்: “உறுதியாகத்தானா?”

அப்பா இன்னொருமுறை என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்துத் தலையை ஆட்டி, “யா” என்றார்.

இரண்டு கிழமையில் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்து ஏறியது. எரிவாயுவில் ஓடியது, மணமில்லை, சத்தமில்லை. அப்பா அதற்கும் ஒருநாள் காதை வைத்துப் பார்த்தார். கேட்க ஒன்றும் இல்லை. ஓலைச் சிலுவையைக் கட்ட அதில் தோதான குழாயும் இல்லாததால், அம்மா அதைக் குசினியில் அடுப்புக்கு மேலே இருந்த அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகினார். பிஸ்கட் டின்களை உடைத்து நாங்கள்தான் தின்றோம். “வாற வரியம் பாப்பம்” என்றார் அப்பா. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்திலேயே மாமி செத்துப்போனார். அடக்கப் பூசையை மடிக்கணினியில் பார்த்தோம். படம் அடிக்கடி உறைந்து நின்றது. உறையும்போதெல்லாம் அதைச் சரிசெய்து கொடுத்தவள் நான். எனக்குத்தானே அதெல்லாம் தெரியும்.

பையைத் தள்ளி மாட்டிய பிள்ளை பிறகு வீட்டுக்கு வந்து ரொட்டி சாப்பிட்டாள். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

இப்போது கோப்பன்ஹேகனில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கதவில் என் பெயர் இருக்கிறது. போன வருடம் வீட்டுக்குப் போயிருந்தபோது, நகரசபையிலிருந்து வந்த ஒரு கடிதத்தை அப்பா என் பக்கம் தள்ளினார். எங்கள் தெருவுக்கும், வீடுகளுக்கு வெந்நீர் கொண்டுவரும் பொதுச் சூடாக்கல் குழாய் வருகிறதாம். வெள்ளைப் பெட்டியை வைத்திருப்பதா, கழற்றுவதா என்று கேட்டிருந்தார்கள்.

“நீயே வாசி, பிள்ளை” என்றார், அப்பிள் வெட்டிக்கொண்டே. “முழுக்க வாசி. நல்லதா ஏதும் சொல்லியிருந்தா அதையும் விடாதை.”

நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரித்தபடி ஒரு துண்டை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அந்தப் பெரிய மனிதர் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் நின்ற நாளில், அப்பா டேனிஷ்காரர்களோடு தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்து முடித்திருந்தார். தினமும் ஏதாவது ஒரு யந்திரம் நிற்கும் இடம் அது. பழுது, பம்ப், மாற்று, புதிது, நல்ல வேலை. இவற்றில் எந்தச் சொல் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும்? வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த எனக்கு அது தோன்றவேயில்லை. விளங்காததால்தான் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது; என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் ‘யா’ என்றார். அந்தப் பாராட்டைத் தமிழில், மகளின் வாயால் ஒருமுறை கேட்கத்தான் நின்றார்.