கிரேன் கேபினுக்குப் போகாத மாத்திரை

காலை பத்து மணிக்கு லூர்து அண்ணனை கிரேன் கேபினிலிருந்து ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கினார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டிஸ்பென்சரியில் பி.பி. பார்த்தேன். மேல் அளவு இருநூற்றுப் பத்து. மூன்று வருஷமாக அவருடைய கார்டில் ‘கன்ட்ரோல்’ என்று எழுதி வந்தவள் நான்தான்.

துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தேன். லூர்து அண்ணன் புன்னைக்காயல்காரர், கிரேன் ஆபரேட்டர். இரண்டு பி.பி. மாத்திரை சாப்பிட வேண்டியவர். அதில் ஒன்று நீர் மாத்திரை.

ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்த டாக்டர், “இதயச் சுவர் தடிச்சுப்போச்சு சிஸ்டர். இது பல வருஷ பிரஷர்” என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக வார்டுக்குப் போனேன்.

“மாத்திர ஒழுங்கா போட்டீங்களா இல்லியா அண்ணே?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவர் மனைவிதான் பதில் சொன்னார்: “கீழ டூட்டின்னா போடுவாவ சிஸ்டர். மேல டூட்டின்னா தொடவே மாட்டாவ.”

“நீர் மாத்திர போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. அங்கன கேபின்ல நான் எங்க போவேன்?” என்றார் அண்ணன். “அம்புட்டுப் படியும் எறங்கி ஏறதுக்குள்ள கப்பல்ல நிக்கவன் கத்துதான். ரெண்டுல எது நீர் மாத்திரன்னும் தெரியல. ரெண்டையும் விட்டுட்டேன். ஒங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

என் கோபம் அங்கேயே செத்தது. ஆபரேட்டர்களுக்கு மூன்று வாரம் கேபின், ஒரு வாரம் கீழே சிக்னல் வேலை. கீழே இருக்கும் வாரத்தின் கடைசி நாளில் செக்கப்புக்கு வாருங்கள் என்று சொன்னது நான்தான். எல்லாருக்கும் அதுதான் வசதி. ஆறு நாள் மாத்திரை போட்டவர் கையில்தான் ஒவ்வொரு தடவையும் பி.பி. பட்டியைச் சுற்றினேன். “வெரி குட் அண்ணே” என்று பாராட்டு வேறு.

டாக்டர் நீர் மாத்திரையை நிறுத்தி வேறொன்று எழுதினார். எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வருஷம் முன்பே எழுதியிருக்கலாம், நான் கேட்டிருந்தால்.

இப்போது நர்ஸ் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பி.பி. பார்க்கும் முன்பு, மாத்திரை போட்டால் வேலையில் என்ன தொந்தரவு என்று கேளுங்கள். வெட்கப்பட்டால் அறையில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். லூர்து அண்ணனுக்கு அப்புறம் ஒருவரையும் அப்படிக் கேட்காமல் நான் அனுப்பியதில்லை.

இதயம் இப்படியானவரை கேபினில் ஏற்றக் கூடாதென்று, லூர்து அண்ணனுக்கு கம்பெனி கேட்டில் டோக்கன் கொடுக்கும் வேலை போட்டார்கள். தினமும் மாத்திரை போட்டார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நூற்று இருபத்தெட்டு.

“இப்ப நெசமாவே கன்ட்ரோல்தானே சிஸ்டர்?”

“ஆமா அண்ணே.”

“அப்ப மேல ஏறலாம்லா?”

கப்பல் நிற்கும் பெர்த்தில் அவருடைய கிரேனை வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் எழுதி முடித்த கார்டையே மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தேன்.