முயல் குடிக்காது

டோல்னி ஸ்லிவ் ஊரில் படித்தவர்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார், பாதிரியார் இருந்தார். ஆனால் இரண்டு பேரும் வெளியூர்க்காரர்கள். இந்த ஊர் மண்ணில் உருளைக்கிழங்கு தோண்டி, இந்த ஊர்ப் பேருந்துக்காகப் பனியில் நின்று, தலைநகர் சோபியாவுக்குப் போய் உயிரியல் படித்துப் பட்டம் வாங்கியவன் லூபென் ஒருவன்தான். அந்தச் சான்றிதழை அவன் அம்மா ஸ்தானா கையில் வாங்கி எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். நடுவில் அப்பன் பெயரும் இருந்தது. "செத்தவனையும் சேத்துப் பாஸ் பண்ண வெச்சுட்டியேடா" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

நகரத்தில் ட்ரிப்ஸ் பாட்டில் செய்கிற ஆலை ஒன்றில் லூபெனுக்கு வேலை கிடைத்தது. பாட்டில்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் சோதிக்கிற பிரிவு. என்ன வேலை என்று ஊரில் கேட்டார்கள். உப்புநீரில் கண்ணுக்குத் தெரியாத அசுத்தம் இருந்தால் நோயாளிக்குக் காய்ச்சல் தூக்கிப் போடும், ஆளே போய்விடலாம், அதனால் முதலில் முயலுக்கு ஏற்றிப் பார்ப்போம் என்றான். அவன் சித்தப்பா திராகோய் சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது.

"நாங்க முயலைச் சட்டியில ஏத்துறோம். நீ முயலுக்கு ட்ரிப்ஸ் ஏத்துறே. இதுக்கா சோபியா வரைக்கும் போனே?"

லூபெனும் சேர்ந்து சிரித்தான். முயல் அவனுக்குப் புதிதில்லை. வீட்டுப் பின்புறம் அம்மா வளர்த்த கூண்டுகளுக்குப் புல் அறுத்துப் போட்டு வளர்ந்தவன். தோல் உரிக்கவும் தெரியும். ஆலையின் முயல் அறைக்குள் முதல் நாள் நுழைந்தபோது தனக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தான்.

அங்கே முயல்கள் வரிசையாகப் பெட்டிகளுக்குள் இருந்தன. கழுத்துக்குப் பலகை பூட்டி, தலை மட்டும் வெளியே. முடிவெட்டுக் கடையில் துணி போர்த்தி உட்கார வைத்தது போல. பின்புறம் வெப்பமானிக் கம்பி, காது நரம்பில் ஊசி. அப்படியே மணிக்கணக்கில். உடம்புச் சூடு ஏறினால் அந்தத் தொகுதி பாட்டில்கள் குப்பைக்குப் போகும், முயலுக்கும் அன்றோடு கதை முடியும். ஏறாவிட்டால் சில நாள் ஓய்வு. பிறகு மறுபடி பெட்டி, மறுபடி ஊசி. ஆடு என்றால் கத்தும், நாய் என்றால் ஊளையிடும். முயல் கத்தாது. மூக்கை மட்டும் ஆட்டிக்கொண்டு நேராகப் பார்க்கும். அதுதான் லூபெனை உள்ளுக்குள் அரித்தது.

அவன் ஒன்றும் கொடி பிடிக்கிற ஆள் இல்லை. அம்மாவின் குடல்வால் ஆபரேஷனின்போது ஏற்றிய பாட்டிலும் ஏதோ ஒரு முயலின் காதைக் கடந்துதான் வந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் வேறு வழி இல்லாத காலத்தில் செய்ததை, வழி வந்த பிறகும் செய்வானேன்? வழி வந்திருந்தது. குழாயில் கொஞ்சம் மனித ரத்தம், அதில் சில சொட்டு மருந்து. அசுத்தம் இருந்தால் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் காய்ச்சலுக்கான சைகையைக் குழாயிலேயே காட்டிவிடும். வேறு நாடுகளில் நடைமுறைக்கே வந்தாயிற்று. இந்த ஆலையின் மருந்துக்கும் அது சரிப்பட்டு வரும் என்று யாராவது செய்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் காட்டுகிறேன் என்று லூபென் போய் நின்றான்.

பிரிவின் தலைவி டாக்டர் விக்ரா டொன்சேவா. தலைமுடி நரைக்கத் தொடங்கியதே அந்த முயல் அறையில்தான் என்பார்கள். கெட்டவர் இல்லை. குளிர்காலத்தில் முயல் அறைக்கு முதலில் சூடு வைத்துவிட்டுத்தான் தன் அறைக்கு வைப்பார். லூபென் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"முயலுக்குப் பாவம் பாத்துட்டு நோயாளியைக் கொன்னுடாதே. என் கவலை அது ஒண்ணுதான்" என்றார். செய்து பார்க்க அனுமதியும் கொடுத்தார். அடுத்த ஆண்டு முயல்களுக்கு ஆர்டர் போடுவதற்குள் காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பேச்சை அதோடு விட வேண்டும்.

ரத்தத்துக்கு எங்கே போவது? ரத்த வங்கியில் கையை விரித்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கே ஆள் தேடி நோயாளியின் சொந்தக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள், முயலுக்காக யார் கொடுப்பார்கள் என்றார்கள். லூபென் ஊருக்குப் போன் போட்டான். ஊசி போட்டுக் கொஞ்சம் ரத்தம் எடுப்போம், பயப்பட ஒன்றுமில்லை, விருப்பம் உள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும், காய்ச்சல், மாத்திரை எதுவும் கூடாது என்று அம்மாவிடம் சொன்னான். குறித்த நாளில் நர்ஸ் ஒருத்தி போய் வாசகசாலையில் உட்கார்ந்தாள். நம்ம பையன் கேட்கிறான் என்று அரை ஊர் திரண்டு வந்ததாம். நர்ஸ் திரும்பி வந்தபோது ரத்தத்தோடு ஒரு பை வால்நட்டும் இருந்தது.

சோதனை படுத்துவிட்டது. அந்தக் காய்ச்சல் விஷத்தைக் கலந்த மாதிரிக்கும் ரத்தம் அசையவில்லை, சுத்தமான மாதிரிக்கும் அசையவில்லை. எந்த ரத்தமானாலும் துள்ளி எழ வேண்டிய அளவுக்கு ஒரு விஷத்தை ஒப்புப் பார்க்கத் தனியே வைத்திருந்தான். அதற்கும் ஏதோ முனகியதோடு சரி. இரண்டாவது தடவை செய்து பார்த்தான். அதே கதைதான். சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து, கொடுத்தவர்களில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

"எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க. உன் சித்தப்பன் விடிகாலையிலேயே வாசகசாலை வாசல்ல ரக்கியாச் சாராய ஜாடியோட நின்னுட்டான்ல. வந்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ரெண்டு கிளாஸ். ஊசி வலிக்காது, ரத்தமும் சுத்தமாயிடும்னான். பட்டணத்துக்குப் போற ரத்தம் ஊர் மானத்தைக் காப்பாத்த வேண்டாமா?"

லூபென் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். நர்ஸ் ஏன் சொல்லவில்லை என்று ஒரு கணம் கோபம் வந்தது. பிறகு வால்நட் பையை நினைத்தான். அவளுக்கும் ஊற்றியிருப்பார்கள்.

மறுநாள் காலை டொன்சேவாவிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிக நேரம் துடைத்தார்.

"முயல் குடிக்காது, லூபென்" என்றார்.

"குடிக்காது மேடம். ஆனா இந்த ரத்தம் தனக்குக் கண்ணு தெரியலைங்கிறதைத் தானே காட்டிடுச்சு. ஒப்பு விஷத்துக்கே எழுந்திருக்கலை. அதனாலதான் ஒரு முடிவையும் நான் எழுதலை. முயல் பயத்துல சூடேறி நிக்கறப்போ அது பயமா விஷமான்னு நமக்கு எது காட்டுது?"

டொன்சேவா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மாதக் கடைசியில் ஆர்டரில் கையெழுத்துப் போடுவேன், அதற்குள் இன்னும் ஒரே ஒரு முறை, இந்தத் தடவை நானே கூட வருவேன் என்றார்.

கூட வருகிற நாள் எப்படி அமைந்தது என்றால், ஊரில் ரக்கியா காய்ச்சுகிற பருவத்தின் நட்டநடுவில். டோல்னி ஸ்லிவில் மற்ற எதைத் தள்ளிப் போட்டாலும் அதைத் தள்ளிப் போட முடியாது. பிளம் பழ ஊறல் பீப்பாய்களில் பொங்கி முடிந்து காத்திருந்தது. பொதுக் கொப்பரைக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கொப்பரைக்குப் பொறுப்பு சித்தப்பா திராகோய். முறை வந்த வீட்டார் தணலில் உருளைக்கிழங்கு சுட்டு, குழாயிலிருந்து சொட்டுகிற வெதுவெதுப்பான முதல் ரக்கியாவை ருசி பார்ப்பதுதான் அந்த வருடத்தின் திருவிழா.

லூபென் ஊருக்குப் போய் நேராகக் கொப்பரைக் கொட்டகையில் நின்றான். விஷயத்தைச் சொன்னதும் திராகோயின் முகம் சிவந்தது.

"என் சரக்குல குத்தம் சொல்றியா?"

"சரக்குல குத்தம் இல்ல சித்தப்பா. ரத்தத்துல காவக்காரன் இருக்கான். அந்நியன் உள்ள வந்தா அவன்தான் சத்தம் போடணும். நீங்க ஊத்தினதுல அவன் தூங்கிட்டான்."

திராகோய் கொஞ்சம் யோசித்தார். "நம்ம ஊர்க் காவக்காரன் மாதிரியா?" என்றார். கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள். ஊர்க் காவல்காரரும் அங்கேதான் இருந்தார். அவரும் சிரித்தார்.

லூபென் மறுபடி கேட்டுக்கொண்டான். ரத்தம் கொடுக்கிறவர்கள் அதுவரை சில நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாது, இஷ்டம் இல்லாதவர்கள் வர வேண்டாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். சிரிப்பு நின்றது. காய்ச்சுகிற நாளில் தொடாமலா? தேவாலய நோன்பிலேயே ரக்கியாவுக்குத் தடை இல்லை என்று பாதிரியார் சொன்னதை ஒருவர் எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தின்கிற முயலுக்காக நாக்கைக் கட்டச் சொன்னால் நாளைக்குக் கோழிக்காக மூச்சையும் அடக்கச் சொல்வானா என்று இன்னொருவர் கேட்டார்.

ஸ்தானா அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"நானும் முயல் அறுக்கறவதான். தூக்கின கை இறங்குறதுக்குள்ள முடிச்சுடுவேன். பயப்படக்கூட அதுக்கு நேரம் குடுக்க மாட்டேன். இவன் சொல்றது அது இல்ல. பொழுதன்னிக்கும் கழுத்தைப் பூட்டி உக்கார வெச்சு, நாளைக்கும் வான்னு சொல்றது. நம்ம ரத்தத்தால அது நிக்கும்ங்கிறான். அதுக்குக் கொஞ்ச நாள் வாயைக் கட்ட முடியாதா? என் பையன் பரிட்சையில தோத்ததே நீங்க ஊத்திக் குடுத்துதான். முடியாதவன் போ. நான் வர்றேன்."

திராகோய் தன் கண்ணாடிக் கிளாஸை எடுத்துத் துணியில் துடைத்தார். அதை உத்தரத்து ஆணியில் கவிழ்த்து மாட்டினார். அவ்வளவுதான் அவர் சொன்ன பதில். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் மாட்டினார்கள்.

அந்த நாட்களில் கொட்டகை ஏதோ துக்க வீடு மாதிரி இருந்ததாகச் சொல்வார்கள். கொப்பரை கொதித்தது, ரக்கியா சொட்டியது, சுற்றி நின்றவர்கள் தேநீர் குடித்தார்கள். நாக்கில் வைக்காமல் பதம் பார்ப்பது எப்படி? திராகோய் ஒரு கரண்டி எடுத்துத் தணலில் வீசி, நெருப்பு நீலமாக எழுகிறதா என்று பார்த்தார். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். முகரும்போது அவர் கண்ணில் நீர் கட்டியதை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த ஊரிலிருந்து வந்தவர்கள் இதென்ன கூத்து என்று கேலி செய்தபோது, "எங்க பையன் நடத்துற சோதனை. உங்க ஊர்ல அப்படி யாராவது இருக்கானா?" என்று கேட்டு அனுப்பினார்.

டொன்சேவா கொட்டகைக்கு வந்த நாள் சிக்கல் வேறு வடிவத்தில் வந்தது. ஒவ்வொருவரையும் ஊதச் சொன்னார். எல்லோர் மேலும் ரக்கியா வாடை. சட்டையில், தலைமுடியில், தாடியில். ஸ்தானாவின் தலைத்துணியில்கூட. கொப்பரை ஆவியில் நின்றால் யார் மேலும் அந்த வாடைதான் வீசும். குடித்தவன் யார் குடிக்காதவன் யார் என்று மூக்கால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

டொன்சேவா ஊசிப் பெட்டியை மூடப் போனார். ஆர்டர் போய்விடும். இன்னொரு வருடம் கழுத்துப் பலகைகள்.

"டாக்டரம்மா" என்று திராகோய் முன்னால் வந்தார். "என் வாழ்நாள்ல காய்ச்சற சமயத்துல குடிக்காம இருந்தது இது முதல் தடவை. அன்னிக்குக் குடிக்க வெச்சவன் நான்தான். இன்னிக்கு ஒருத்தனும் தொடலைன்னு சொல்றவனும் நான்தான். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

டொன்சேவா அவரைப் பார்த்தார். பிறகு உத்தரத்தில் வரிசையாகக் கவிழ்ந்து தொங்கிய கிளாஸ்களைப் பார்த்தார். அவற்றின் மேல் கொப்பரைப் புகையின் கரி மெல்லிசாகப் படிந்திருந்தது. எந்தக் கிளாஸிலும் விரல் தடம் இல்லை.

"ஒப்பு விஷத்துக்கு ரத்தமே பதில் சொல்லட்டும்" என்று பெட்டியைத் திறந்தார்.

ஆலைக்குத் திரும்பியதும் மாதிரிக் குழாய்களை இந்த முறை அவரே தன் கையால் தயாரித்தார். எதில் விஷம் எதில் இல்லை என்று லூபெனுக்குச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் அதே மாதிரிகளை முயல்களுக்கும் ஏற்றினார்கள். டோல்னி ஸ்லிவின் ரத்தம் ஒப்பு விஷத்தைக் கண்டதும் துள்ளி எழுந்தது. அளவுமானியில் ஏறிய கோட்டைப் பார்த்து லூபென் கை தட்டவில்லை, ஆனால் தட்டாமல் இருக்கக் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மற்ற மாதிரிகள் ஒவ்வொன்றாக வந்தன. விஷம் இருந்ததை எல்லாம் ரத்தம் காட்டிக் கொடுத்தது, இல்லாததை விட்டுவிட்டது. ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒரு மாதிரியில் முயல்களின் சூடுதான் ஏறியதா இல்லையா என்று தெளிவாகக் காட்டவில்லை. உறுதி செய்ய இன்னும் சில முயல்களைப் பெட்டியில் ஏற்ற வேண்டி வந்தது.

டொன்சேவா இரண்டு முடிவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். இந்த ரத்தத்தை நம்பியிருந்தால் ஒரு நோயாளியாவது செத்திருப்பாரா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றான் லூபென். அவர் ஆர்டரில் கையெழுத்துப் போடாமல் வைத்துவிட்டு, முடிவுகளை அரசு அலுவலகத்துக்கு அனுப்பினார். பதில் வந்த அன்று அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ட்ரிப்ஸ் பாட்டில்களுக்கு இனி முயல் வேண்டாம், வேறு சில மருந்துகளுக்கு மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தேவைப்படும், அதற்கு இருக்கிற முயல்களே போதும் என்றார். தொலைபேசியை அவன் பக்கம் நகர்த்தினார்.

"நீயே சொல்லிடு. நான் சொன்னா என் குரல் ஒரு மாதிரி ஆயிடும்."

லூபென் முயல் பண்ணைக்குப் போன் செய்து, அடுத்த வருட ஆர்டர் இல்லை என்றான். மறுமுனையில் பண்ணைக்காரருக்குப் புரியவில்லை. இத்தனை வருட வாடிக்கை, விலை பிடிக்கவில்லையா, வேறு பண்ணை பார்த்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில், "முயல் வேண்டாம்னா மருந்தை எது மேலய்யா சோதிப்பீங்க?" என்றார்.

"எங்க ஊர்க்காரங்க ரத்தத்துல" என்றான் லூபென்.

எந்த ஊர் என்று கேட்டார் பண்ணைக்காரர். லூபென் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, எழுதிக்கொள்கிறவருக்குச் சொல்வது போல் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னான்.